கிணத்துமேட்டின் கிழக்கு வாசல்

என் ஆசைத் தம்பி பச்சையாவுக்கு,

உன்னைக் கொன்றது லாரி இல்லை. பூட்டிக் கிடக்கும் ஒரு வாசல். கிணத்துமேடு மெட்ரோ ஸ்டேஷனுக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் வாசல் கட்டினார்கள். மேற்கு வாசலைத் திறந்தார்கள். கிழக்கு வாசலுக்கு இரும்புக் கம்பி ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கிணத்துமேடு என்கிற ஊரோ கிழக்கில்தான் இருக்கிறது. அங்கே குடியிருக்கிறவர்கள் ரயிலை விட்டு இறங்கி, மேற்கே ஏறி வந்து, வண்டிகள் பறக்கிற ரோட்டில் குறுக்கே ஓடித்தான் வீடு சேரவேண்டும். அப்படி ஓடும்போது நீ விழுந்தாய். கவனமில்லாமல் சாலையைக் கடந்தவர் என்று பேப்பரில் போட்டார்கள். அந்தக் கிழக்குப் படிக்குக் கம்பி கட்டினவன் நீதான் என்று யாரும் போடவில்லை.

எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை உனக்கு எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவள். தப்பிருந்தால் நீ சிரித்துக்கொள், மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

மலையில் மரவள்ளிக்கு விலையில்லாமல் போன வருஷம் நீ பட்டணத்துக்கு இறங்கினாய். கம்பி கட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்து பூமிக்கு அடியில் வேலை செய்தாய். "அக்கா, மண்ணுக்குள்ள ஒரு ஊரே கட்டிக்கினு இருக்கோம். இது தொறந்துட்டா ரோட்டையே தாண்ட வேணாம், கீழாலேயே பூந்து அந்தாண்ட போயிடலாம்" என்று போனில் சொன்னாய். வேலை முடிந்தும் நீ திரும்பி வரவில்லை. கிணத்துமேட்டில் ராணி வீட்டில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டு, பட்டணத்தின் அந்தக் கோடியில் ஒரு துணிக்கடைக்கு வாட்ச்மேன் ஆனாய். நீ கட்டின ஸ்டேஷனிலிருந்தே வேலைக்கு ஏறினாய். உன் பெண்டாட்டி வள்ளி இங்கே காட்டைப் பார்த்துக்கொண்டாள்.

நம் வகையறாவின் கட்டு உனக்குத் தெரியும். வெளியூரில் விழுந்தவனுக்கு, அவன் விழுந்த இடத்தின் பிடிமண்ணைக் கூடப் பிறந்தவள் போய் எடுத்துவந்து, அவனைப் புதைத்த மேட்டில் சேர்க்கவேண்டும். அதுவரை அவன் காட்டில் விதை போடக்கூடாது. என் முழங்கால் என்னைப் போகவிடவில்லை. ஒரு விதைப்புப் பட்டம் அப்படியே கழிந்தது. உன் காட்டில் எருக்கு முளைத்தது. இந்த ஆடியில் மழை இறங்கியதும், இனி இந்தக் காலிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று கிளம்பிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ். பிறகு உன் மெட்ரோ. முதல் முறையாக ஏறினேன். குளுகுளு என்று இருந்தது, யாரும் யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பொம்பளைக் குரல் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னது. கதவு திறந்தது, மூடியது. எந்த ஊரையும் நான் பார்க்கவில்லை. பெயரை மட்டும் கீழே இறக்கிக்கொண்டு, ஊரை மேலேயே விட்டுவிட்டார்களோ?

கிணத்துமேட்டில் இறங்கினேன். சுவர் முழுக்கப் பெரிய சித்திரம். கிணற்றடியில் குடத்தோடு பெண்கள், பம்பரம் விடுகிற பிள்ளைகள். அந்த ஊர்க்காரர்களைத்தான் வரைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாசல் இல்லை, சுவரில் இடம் இருக்கிறது. ஓடுகிற படியில் கால் வைக்கப் பயந்து நின்றேன். காவலுக்கு இருந்த பெண் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். மேலே வந்தால் எதிரே நகைக்கடை, பெரிய ஆஸ்பத்திரி, கார் நிறுத்துகிற கட்டடம். மேற்கு வாசல் யாருக்கு என்று பார்த்ததும் புரிந்தது.

நான் வருவதைச் சொல்லிவைத்திருந்தேன். ராணி ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையாட்டினாள். வண்டிகளுக்கு நடுவே அவளே ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய வுட்றாதக்கா. லாரிக்காரன் நம்மள பாத்து நிக்க மாட்டான். நாமதான் அவன பாத்து ஓடணும்."

"இந்தக் காலை வெச்சிக்கினு எங்கடி ஓடறது?"

"அப்ப சாமிய வேண்டிக்கினு நட அக்கா."

நீ விழுந்த இடத்தைக் காட்டினாள். நடு ரோட்டில் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில். குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தேன். தார். ஒரு பொட்டு மண் இல்லை. ஹாரன் அடித்து, திட்டி, எங்களைக் கிழக்கு ஓரத்துக்கு விரட்டினார்கள். ஓரத்தில் சிமெண்டுக் கல். ஸ்டேஷன் வாசலில் தொட்டிச் செடிகள் உண்டு. அந்த மண் எங்கிருந்தோ லாரியில் வந்தது, அது உனக்கு ஆகாது. மண்ணில்லாத ஊரில் ஒருவன் செத்தால் கட்டு என்ன சொல்கிறது? நம் பெரியவர்கள் யாரும் இதை நினைத்துப் பார்க்கவில்லையே.

ராணிதான் ஷட்டரைக் காட்டினாள். "உள்ள பாருக்கா. ரோட்டு புழுதி அத்தனையும் காத்துல வந்து படில சேந்து கெடக்குது." கம்பிச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். நீ கட்டின படிகளில் மூலைக்கு மூலை மண். நீ விழுந்த ரோட்டின் மண்.

மறுபடி ரோட்டைத் தாண்டி, உள்ளே போய், அதிகாரியைக் கேட்டோம். சின்ன வயசு. முகத்தில் தூக்கம் இல்லை.

"ஆயா, அந்த கேட் இன்னும் தொறக்கல. நிக்க ஆள் கம்மி. அந்தப் பக்கம் கூட்டமும் இல்ல."

"பூட்டிக்கினு எண்ணினா கூட்டம் எப்பிடிப்பா வரும்?"

"நான் இன்னா ஆயா பண்றது? மேல சொல்லணும்."

"என் தம்பி கட்டின படி அது. அவன் செத்த மண்ணு உள்ள கெடக்குது. எடுக்காம நான் போவ மாட்டேன். நீ சோறு போட்டாலும் சரி, போலீஸ கூப்ட்டாலும் சரி."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான், யாருக்கோ போன் போட்டான், எடுக்கவில்லை. கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். "அஞ்சே நிமிஷம் ஆயா. மண்ண எடுத்துக்கினு போயிடணும்."

கீழ் வழியாகவே எங்களைக் கூட்டிப்போனான். விளக்கு எரிகிற நடைபாதை, பளபளவென்று தரை. தலைக்கு மேல் அந்த ரோடு ஓடுகிறது, ஒரு சத்தம் கேட்கவில்லை. படியில் ஏறி ஷட்டரைத் தூக்கினான். வெளிச்சம் உள்ளே விழுந்தது. பச்சையா, அத்தனை சுலபமாகத் திறந்தது. ஒரு ஆள், ஒரு சாவி. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஷட்டர் சத்தம் கேட்டதும் கிணத்துமேடே எட்டிப் பார்த்தது. பூக்கூடையோடு ஒருத்தி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் பிள்ளைகள், தடி ஊன்றின ஒரு பெரியவர். ஒருவர் பின்னால் ஒருவராகப் படியில் இறங்கினார்கள்.

"யோவ், டிக்கெட் இல்லாம எங்க போறீங்க?" என்று அதிகாரி கத்தினான்.

"ரயிலு யாருக்குடா வேணும்? அந்தாண்ட போயி இந்தாண்ட வரப்போறோம்" என்றார் பெரியவர்.

போனார்கள், வந்தார்கள். வேறு வேலை எதுவும் இல்லை. சும்மா நடந்தார்கள். பிள்ளைகள் மறுபடியும் ஒரு நடை போனார்கள். ராணி முதலில் சிரித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் ஒரு பிடி அள்ளினேன். முந்தானையில் முடிந்தேன். "எடுத்தாச்சா ஆயா?" என்று ஷட்டரில் கை வைத்துக்கொண்டு கேட்டான். அந்தக் கையைப் பார்த்தேன். இந்த மண்ணோடு நான் மலை ஏறினால் உன் கணக்கு முடிந்துவிடும். உனக்குச் செய்யவேண்டியது எல்லாம் செய்தாகிவிட்டது என்று ஆகிவிடும். ஷட்டர் இறங்கும். அடுத்தவன் ஓடுவான்.

முடிச்சை அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே கொட்டினேன்.

"எடுக்கல. நீங்க இத தொறந்து வெச்சப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

"என் கையில இல்ல ஆயா. மேல இருக்கறவங்க..."

"மேல யாரு? பேர சொல்லு."

அவன் வாசலைக் கைகாட்டினான். எல்லோரும் வெளியே வந்ததும் ஷட்டர் இறங்கியது. தப்பு செய்துவிட்டேனா தம்பி? உனக்குக் கோபமா?

வள்ளிக்குக் கோபம்தான். என் வெறுங்கையைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டாள்.

"மண்ணு எங்க அண்ணி?"

"எடுக்கல."

"ஒங்க வீம்புக்கு இந்த வருசமும் என் காடு காயணுமா? புள்ளைக்கு இன்னாத்த ஆக்கிப் போடறது, பட்டணத்து ஷட்டரயா?"

அவள் கேட்டதில் ஒரு சொல்லும் தப்பில்லை. கூடப் பிறந்தவள் தாமதம் பண்ணாமல் போகட்டும் என்றுதான் பெரியவர்கள் அந்தக் கட்டைப் போட்டார்கள். புருஷனை இழந்தவளைப் பட்டினி போட இல்லை. அதனால் நானே சொன்னேன்: "வெதைடி. கட்டு மீறின பழி எனக்கு." மறுநாள் அவள் சாமை விதைத்தாள். பங்காளிகள் இப்போது என் வாசலில் தண்ணீர் குடிப்பதில்லை. அதில் எனக்குச் சலிப்புதான் தம்பி, வருத்தம் இல்லை.

இனி நடக்கவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கிறவர் யாரோ, அவர் அந்த ஷட்டரைத் தூக்கி, நிற்க ஒரு ஆளைப் போடவேண்டும். சாவியோடு வந்த அந்தப் பிள்ளை, அன்றைக்குத் தன் கண்ணால் கண்ட கூட்டத்தை அவரிடம் சொல்லவேண்டும். வாசல் திறக்கும்வரை ரோட்டுக்கு ஒரு சிக்னலை ரோட்டுக்காரர்கள் போடவேண்டும். கிணத்துமேட்டில் ஓட்டு வாங்கினவர், சாயங்கால நெரிசலில் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருமுறை அந்த ரோட்டைக் கடக்கவேண்டும். பேப்பர்க்காரர்கள் 'கவனமில்லாமல்' என்பதைத் திருத்திப் போடவேண்டும். ராணியும் அந்த ஊர்ப் பெண்களும் ஷட்டர் முன்னால் வந்து நிற்பதை விடக்கூடாது. பங்காளிகள் என்னோடு பேசாமல் போகட்டும், வள்ளிக்கு அறுப்புக்கு ஆள் கொடுக்கவேண்டும்.

என் பங்கு இது. அறுப்பு முடிந்ததும் வருவேன். பூட்டியிருந்தால் திரும்பவும் வருவேன். நடக்க முடியாவிட்டால் தூக்கிவரச் சொல்வேன். ஊர்ச்சனத்தோடு கிழக்கே இறங்கி, மேற்கே ஏறி, அந்த வழியாகவே திரும்பி வந்த பிறகுதான் உன் மண்ணை எடுப்பேன். அதுவரை அங்கேயே இரு, சாமி. ரோட்டுப் பக்கம் போகாதே.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
பெரியக்கா அஞ்சலை,
கல்வராயன் மலை