தினமும் அதே தெருவில் சூடாகும் வண்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, கடைசிவரை படி. போன வாரம் உனக்கு அனுப்பிய செய்தி எல்லாம் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. கப்பலில் சிக்னல் இல்லை போல. கடிதமாகக் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வந்துவிடும் என்று உன் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயம் நம் தண்ணீர் கேன் வண்டி. ஒரு மாதமாக, சூடேறிவிட்டால் மறுபடி கிளம்புவதில்லை. காலையில் சாவியை ஒரே திருகலில் கிளம்பும். சாயங்காலம் கடைசிக் கேன் இறக்க அந்த நாலு மாடிக் கட்டிடத்தின் முன்னால் நிறுத்தினால் அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் எடுக்க முடிகிறது என்று அப்பா தினமும் தாமதமாக வந்தார். மெக்கானிக் முதலில் பேட்டரியை மாற்றினார். பிறகு ஸ்டார்ட்டரை மாற்றினார். எனக்கு அந்த ஆள் மேல்தான் சந்தேகம். இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது ஸ்டார்ட்டர் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். "ஃபோன் பாத்தே வண்டி படிச்ச பொண்ணு வந்துட்டா, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா" என்றார். பட்டறையே சிரித்தது.

அம்மாவின் சந்தேகம் வேறு. "சூடு புடிச்சா நிக்குமாம். தினமும் அதே தெருவுலதான் சூடு புடிக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. அம்மா திட்டினால் பயமில்லை, பேசாமல் தட்டை நகர்த்தி வைத்தால்தான் பயம். உனக்குத் தெரியாததா.

நான் அப்பா கட்சி. அவர் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்தே தீருவது என்று இறங்கினேன். நான் உயிராகப் பார்க்கும் ஸ்பேனர் அண்ணன் சேனலில் அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார்: இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் முதலில் கிராங்க் சென்சாரைச் சந்தேகி. இன்ஜின் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். வயதாகிவிட்டால் சூட்டில் ஊமையாகிவிடும், ஆறினால் வாய் திறக்கும். ஞாயிறு மதியம் அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் தூங்குகிறார். வண்டியை நன்றாகச் சூடேற்றி, நிறுத்தி, திருகினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதை ஃபோனில் காட்டும் ரீடரைச் செருகிப் பார்த்தால், இன்ஜின் சுற்றச் சுற்ற, சென்சார் சொல்லும் வேகம் வெறும் பூஜ்ஜியம். ஈரத்துணியைச் சென்சார் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். ஒரே திருகல், கிளம்பிவிட்டது. தெருவிலேயே ஆடினேன் அண்ணா.

அன்றைக்கே புது சென்சார் வாங்கி மாட்டினேன். ஒரே ஒரு போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பேனர், தோல் போன ஒரு விரல். மூன்று தடவை சூடேற்றினேன், மூன்று தடவையும் கிளம்பியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பா நேரத்துக்கு வரட்டும், அம்மா பார்க்கட்டும், அப்புறம் மார்தட்டலாம் என்று ரீடரை வண்டியிலேயே விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமையும் தாமதமாகத்தான் வந்தார். "இன்னிக்கும் அடம் புடிச்சுடுச்சு" என்றார். அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். நான் ரீடரில் பதிவானதை ஃபோனில் பார்த்தேன். ஐந்து பத்துக்கு இன்ஜின் நின்றிருக்கிறது. ஐந்து ஐம்பத்தைந்துக்கு முதல் திருகலிலேயே கிளம்பியிருக்கிறது. நடுவில் அவர் சாவியைத் தொடவே இல்லை.

அம்மாவின் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கட்டிடத்தில் யார் வீடு, எந்த மாடி என்று என்னென்னவோ ஓடியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சைக்கிளில் பின்னாலேயே போனேன்.

யார் வீட்டுக்கும் போகவில்லை அண்ணா. நாலு மாடி ஏறி இறங்கி வந்தார். வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளங்கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் எதிர்க் கடைச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் எழுந்து வண்டியைக் கிளப்பும் வரை நகரவில்லை. அவர் வீடு வந்து குளிக்கும்போது வண்டியின் டாஷ்போர்டைக் கிளறினேன். துடைக்கும் துணிக்குள் ஒரு மாத்திரை அட்டை. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாதிக்கு மேல் காலி.

வண்டி மக்கர் செய்வதை உனக்கு எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டபோது அவர் சொன்னது இப்போதுதான் புரிகிறது. "அவன் காதுல எதையும் போடாதம்மா. காண்ட்ராக்ட் முடியட்டும்."

நான் பேசினால் ஃபோன் வைத்தியம் என்று சிரித்துவிடுவார். நீ சொன்னால் கேட்பார். கரையைத் தொட்டதும் முதல் ஃபோன் அவருக்குத்தான் போட வேண்டும். அதட்டாதே, கெஞ்சிப் பார். டாக்டரிடம் நான் கூட்டிப் போகிறேன். அம்மாவிடம் நாளைக் காலை நானே சொல்லிவிடுவேன், தட்டை நகர்த்துவதாவது நிற்கட்டும். ஜிம்முக்குப் பதிலாக இருக்கட்டும் என்று சொல்லி, அந்த நாலு மாடிக்கும் நாளையிலிருந்து நான்தான் கேன் தூக்கப் போகிறேன்.

நீ பேசும் வரை வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் அப்பாவிடம் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால், ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று யாராவது கேட்கும்போது அவரிடம் பதில் இருக்காது.

பத்திரமாக இரு அண்ணா. சீக்கிரம் கரைக்கு வா.

உன்,
வாலு