பாம்புக்காது இனி எழுதமாட்டான்

பாப்பா,

முதல் பஸ் டியூட்டி இன்றைக்கு என்னுடையது, கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. சாவி உன் பழைய ஷூவுக்குள் இருக்கிறது.

உன் பாட்டு வீடியோக்களுக்குக் கீழே 'பாம்புக்காது' என்று ஒருவன் மட்டமாக எழுதிக்கொண்டிருந்தானே, அது நான்தான். பரீட்சை முடியும்வரை பாட்டை ஓரங்கட்டுவாய் என்று நினைத்தேன். நீ அதைப் படித்துக் காட்டி அழுதபோது, "எவனோ வெட்டிப்பய, விடும்மா" என்று உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கை இன்னும் கூசுகிறது.

நேற்று அந்தக் கணக்கை ஒரேயடியாக அழிக்கச் சொல்லி அமுக்கிவிட்டேன். முப்பது நாள் ஆகுமாம். அதற்குள் உள்ளே போனால் மறுபடி உயிர் வந்துவிடுமாம். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. என் போனை உன் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். முப்பது நாளும் நீயே வைத்துக்கொள்.

சாயங்காலம் வந்ததும் திட்டு. வாயே திறக்கமாட்டேன்.

அப்பா

பிளாஸ்கில் வெந்நீர் இருக்கிறது, தொண்டைக்கு.

இன்னொன்று. மூன்றாவது பாட்டில் சுருதி விலகுகிறது என்று எழுதியிருந்தேன். எங்கேயும் விலகவில்லை. தப்புக் கண்டுபிடிக்கத்தான் அதை அத்தனை தடவை கேட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை.