நீல மருந்துப் பாட்டில்

17 அக்டோபர் 1998, சனிக்கிழமை

எழுத்து கோட்டில் நிற்கவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதக் கற்று ஐந்து மாதந்தான் ஆகிறது. அதோடு இன்று முழுக்க மண்வெட்டி பிடித்த கை.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் ஃபிராங்குடன் ஒரு பழைய பண்ணை வீட்டின் பின்புறம் பழங்காலப் பாட்டில் தேடித் தோண்டினேன். நூறு வருடத்துக்கு முன் அங்கே கக்கூஸ் இருந்ததாம். காலி பாட்டில்களையும் அந்தக் குழியில்தான் போடுவார்களாம். கம்பியைக் குத்தி, மண் இளகிய இடத்தை நான்தான் கண்டுபிடித்தேன். நாற்றம் துளியும் இல்லை. நெஞ்சளவு ஆழத்தில் ஒரு நீல மருந்துப் பாட்டில், கீறல்கூட இல்லாமல் கிடைத்தது. ஃபிராங்க் என்னைக் கட்டிக்கொண்டான்.

மாலையில் என் மகன் ரவியின் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் நண்பரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

"பாட்டில் அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கக்கூஸ் குழியில தோண்டி எடுத்தேம்மா."

அவள் அதை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

அவர்கள் போனபின் ரவி, "கார்டனிங்னு சொல்லியிருக்கலாம்லப்பா" என்றான்.

"ஃபிராங்க் எல்லார்கிட்டயும் சொல்றான்டா."

"அவன் சொல்லலாம். நாம சொன்னா, ஊர்ல எந்தத் தெருன்னு கேப்பாங்க."

ஊரில் அந்தக் குழிகளை அள்ளியது எங்கள் தெருதான். என் அப்பாவும் அள்ளினார். இங்கே யாருக்கும் அது தெரியாது. ரவி பாட்டிலை எடுத்து வந்து என் அறையில் வைத்துவிட்டான். அவன் பயம் அவனுக்கு.

அடுத்த சனிக்கிழமையும் போவேன். யாராவது கேட்டால் கார்டனிங் என்றே சொல்லிக்கொள்கிறேன். இந்த நோட்டில் மட்டும் அன்றைக்கும் கக்கூஸ் குழி என்றுதான் எழுதுவேன்.