அறச்சீற்றம் என்று எழுதியிருந்தீர்கள்

என் கோபக்காரருக்கு,

இங்கே அக்கா வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் கடிதம் வந்தது. நம் வீட்டில் பீங்கான் தட்டு பறந்து உடைந்த அன்று உங்களுக்கு வந்தது அறச்சீற்றம் என்று எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டில் உப்பில்லை என்பதற்கு அவ்வளவு பெரிய சொல்லா?

நேற்று எங்கள் தையல் ஆலையில் வேலை மந்தமாகிறதென்று மேற்பார்வையாளர் கழிவறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து மெஷின்காரி நிறைமாதக் கர்ப்பிணி. அவள் போய்க் கேட்டதற்கு, "சாப்பாட்டு நேரம் வரைக்கும் அடக்கிக்கோ" என்றார்.

நான் என் மெஷினை நிறுத்தினேன். "சாவி வந்தாத்தான் சார் இது ஓடும்." கத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொன்றாக எல்லா மெஷின்களும் நின்றன. சாவி இப்போது எல்லோர் கைக்கும் எட்டுகிற ஆணியில் தொங்குகிறது.

அந்தச் சொல் இதற்குத்தான் பொருந்தும். உங்களுக்கு வந்தது வெறும் கோபம். அப்படியே ஒத்துக்கொள்ளுங்கள். கோபத்தை என்னால் மன்னிக்க முடியும். அறச்சீற்றத்தை மன்னிக்க நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போக வாருங்கள். வரும் வழியில் ஒரு தட்டு வாங்குங்கள். பீங்கானாகவே இருக்கட்டும்.

இன்னும் உங்களுடைய,
உப்புப் போட மறந்தவள்