வெள்ளிக்கிழமை மேடு

காத்தான்குடி,
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு.

கடல் கடந்திருக்கும் என் அஸீமாவுக்கு உன் மின்ஹாஜின் ஸலாம். அல்லாஹ் உன் உடம்பையும் அந்த ஆஸ்பத்திரி சூப்பவைசரின் வாயையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

வட்ஸ்அப்பில் பேசினால் என் குரலை வைத்தே நீ நோயைக் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்பும் உன் விடுதித் தோழி முப்லிஹாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிப்பாள் என்று தெரியும். முப்லிஹா, படித்துவிட்டு ஒழுங்காக ஒட்டு.

மகள் பரீனா நலம். உன் மூக்கும் என் சோம்பலும் அவளிடம் சேர்ந்து வளர்கின்றன. மாமியும் நலம். நேற்றும், "மருமகன், கொம்பியூட்டர்ல குந்தி என்னத்த அடை காக்கிறீங்க?" என்று கேட்டார்.

இனி நீ கேட்ட விஷயம். இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்து வைப்பதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். நம் இணையத்தளத்துக்கு எந்தெந்தக் காலத்தில் ஆட்கள் வருகிறார்கள், எப்போது விளம்பரக் காசு வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். நீ சமையல் சொல்ல, நான் அதில் ஊர்க்கதையைப் போட்டுத் தாளிக்கும் தளம். அதன் வருடப் போக்குத் தெரியாமல் வேலையை விட முடியாதுதான்.

முதலில் மற்றவர்களைக் கேட்டேன். ஏறாவூரில் செய்தித்தளம் நடத்தும் அஸ்பாக், "மச்சான், அத நான் என்ட பொண்டாட்டிக்கே சொல்றல்ல" என்று தேநீர் தந்து அனுப்பினான். தேநீருக்குக் காசு கொடுத்தது நான். வெள்ளைக்காரர்களின் அறிக்கைகளைத் தேடினேன். அவர்களுக்கு டிசம்பரில்தான் விளம்பர அறுவடையாம். நமக்கு டிசம்பர் என்றால் மழையில் வாவித் தண்ணீர் வாசலுக்கு வரும், கரண்ட் போகும், கொம்பியூட்டர் அலுமாரிக்கு மேல் ஏறும்.

கடைசியில் நம் தளத்துக்கு நாளுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற வரைபடத்தையே பார்த்தேன். நோன்பு மாதத்தில் உன் கஞ்சிக் குறிப்புக்காக ஒரு மலை. பெருநாளோடு அது சரிந்து, மிச்ச மாதமெல்லாம் தட்டை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சின்ன மேடு! விளம்பரங்களை ஆட்கள் அதிகம் அழுத்தியதும், காசு விழுந்ததும் அந்த மேட்டில்தான். ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்று, சனம் என் பகிடியை வாசிக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மேட்டின் மேலேயே திட்டத்தைக் கட்டினேன். நீ வந்ததும் கடற்கரை வீதியில் சின்னதாக ஒரு சமையலறை. நீ சமைக்க, நான் படம் பிடிக்க. சுவருக்கு வர்ணம்கூடப் பார்த்தாயிற்று. பரீனா பச்சை என்றாள்.

போன வாரம் விளம்பரக் கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரே இடத்திலிருந்து, அதே சில போன்களில், வேண்டுமென்றே விளம்பரங்களை அழுத்துகிறார்களாம். கணக்கை மூடிவிட்டார்கள். எந்த இடம் என்று தளத்தின் கணக்கில் தேடிப் பார்த்தேன். குவைத்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. விடுதிப் பெண்களையெல்லாம் கூட்டிவைத்து, "என்ட மனிசன்ட தளம் கா, ஆளுக்கு ரெண்டு தரம் அமத்துங்க" என்று சொல்லியிருப்பாய். எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

உன்மேல் கோபமில்லை. உன்னை ஊருக்குக் கொண்டுவரும் என்று நான் நம்பியிருந்த சனக்கூட்டம் நீதான் என்று தெரிந்தபோது சிரிக்கப் பார்த்தேன். மையத்து எடுக்கும் வீட்டிலும் சிரிப்பை அடக்கத் தெரியாதவன் நான். அன்றைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக் கம்பனிக்கு எழுதினேன். மனிதர் யாரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை. மறுப்பு மட்டும் உடனே வந்தது.

பரீனாவிடம் இன்னும் சொல்லவில்லை. பச்சை வர்ண அட்டையைத் தன் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறாள்.

கையெழுத்தை வைத்துவிடு, அஸீமா. உன் கால்களுக்கு அல்லாஹ் பலம் தரட்டும். வெள்ளிக்கிழமைகளில் இனி நன்றாகத் தூங்கு. எழும்பியதும் தளத்தை ஒரு தரம் திறந்து மட்டும் பார். அமத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அந்த மேடு தெரிந்தால், நீ சுகமாக இருக்கிறாய் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

உன்,
மின்ஹாஜ்