ஃபிரிட்ஜுக்குள் பஸ் பாஸ்

உன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்றால் எதைச் சொல்வது? இன்று மாலை முழுக்க யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கேட்டவள் உன் மகள். "ஆன்ட்டி, மம்மி பத்தி ரெண்டு மினிட் பேசி வாய்ஸ் நோட் அனுப்புங்க. சண்டே ப்ரேயர்ல போடணும். எல்லாரும் அனுப்பிட்டாங்க, நீங்கதான் பாக்கி. நாளைக்குள்ள, ப்ளீஸ்." சரி என்றேன். சமையலறையில் உட்கார்ந்து, "உங்க அம்மாவை எனக்கு" என்று மூன்று முறை தொடங்கினேன். போட்டுக் கேட்டால் ஒவ்வொரு முறையும் என் குரலுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் உறுமியது. எழுந்து அதை அணைத்தேன். பையிலிருந்து மெட்ரோ கார்டை எடுத்து, ஃபிரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

கல்லூரி இறுதி ஆண்டின் ஏப்ரல் மாதம். கிட்வாய் நகரில் உன் வீட்டுச் சமையலறை. ஒரு பெண் காஸ் சிலிண்டருக்காகக் காத்திருக்கிறாள். நம் குறும்படத்தின் கதை அவ்வளவுதான். இரவல் கேமராவோடு வகுப்புத் தோழி பிரீத்தி, துடைப்பக் கட்டையில் கட்டிய மைக்கோடு நீ. இயக்கம் நான்; ஆள் கிடைக்காததால் நடிப்பும் நானே. "ஃபேன அணைங்க. ஏட்டி, அந்த வளையலக் கழத்து" என்று விரட்டுவாய், மைக்கில் சத்தம் விழும் என்று. மின்வெட்டு வந்தால் காலனியே சலித்துக்கொள்ளும். நீ மட்டும், "கரண்ட் போச்சு, ஜல்தி வாங்க" என்பாய்.

முதல் நாள் படப்பிடிப்பு முடிந்ததும், சத்தத்துக்காக அணைத்த ஃபிரிட்ஜை மறந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். நீ கோல் மார்க்கெட்டில் சித்தி வீட்டில் தங்கினாய். மறுநாள் காலை, இரவுப் பணி முடிந்து மருத்துவமனையிலிருந்து வந்த உன் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தார். ஈஸ்டருக்கு வாங்கி வைத்த கறி அவ்வளவும் கெட்டுப்போயிருந்தது. மைக்கோடு வாசலில் நின்ற நம்மைப் பார்த்து, "சினிமா எடுக்கியளோ? அப்ப இந்த நாத்தத்தையும் சேத்துப் பிடிங்க" என்றார்.

அன்றிலிருந்து ஃபிரிட்ஜை அணைத்ததும் உன் பஸ் பாஸை அதற்குள் வைத்தாய். "பாஸ் இல்லாம காலேஜுக்குப் போவ முடியாதுல்லா? தொறந்துதான ஆவணும்." ஒருநாள் கண்டக்டர் சில்லென்றிருந்த பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிம்லாவிலிருந்து வருகிறீர்களா, பெஹன்ஜி?" என்று இந்தியில் கேட்டார். நீ, "ஹாஞ்சி" என்று தலையாட்டினாய்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஒரு நிமிடம் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும் என்பாய். யாரும் பேசாத அறையை அப்படியே பதிவு செய்வாய். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது.

"ஒண்ணுமில்லாததை எதுக்குடி பிடிக்கற?"

"ஒவ்வொரு ரூமுக்கும் ஒவ்வொரு ஒண்ணுமில்ல இருக்கு. பொறவு நீயே தேடுவ."

தேடினேன். எடிட்டிங்கில் நான் வெட்டிய இடங்களெல்லாம் பள்ளம் விழுந்ததுபோல் கேட்டன. உன் ஒரு நிமிடத்தைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் அவற்றை நிரப்பினேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "சத்தம் எப்பிடிட்டி?" என்று கேட்டாய். "பரவாயில்ல" என்றேன். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இருந்தன. சொல்லியிருக்கலாம்.

மூன்று வாரங்களுக்கு முன் ஜனக்புரியில், உன் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் நாற்காலிகளை அடுக்கி வைத்தேன். துக்கம் என்று சொல்லும்படி எதுவும் அன்று தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. ஃபிரிட்ஜ் நின்ற பிறகும் எனக்குப் பேச வரவில்லை. பதிவில் இருப்பது இந்தச் சமையலறை மட்டும்தான். நடுவில் ஒருமுறை, கீழே யாரோ தர்பூசணி விற்கும் குரல். இதை உன் மகளுக்கு அனுப்ப முடியாது. நாளை அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

உனக்கு எழுதும் இந்த மடலை இங்கே நிறுத்தியிருந்தேன். மறுநாள் நடந்தது இது.

காபி கூடப் போடாமல் வேலைக்குக் கிளம்பினேன். மெட்ரோ நிலைய வாயிலில் பைக்குள் கைவிட்டால் கார்டு இல்லை. பின்னால் யாரோ, "மேடம், ஜல்தி" என்றார்கள். விலகி நின்ற பிறகுதான் நினைவு வந்தது. வீட்டுக்குத் திரும்பி ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. பால் திரிந்திருந்தது. கார்டு முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது, குளிர்ச்சியே இல்லை.

சுவிட்சைப் போட்டதும் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அங்கேயே நின்றபடி கைப்பேசியில் உன் மகளுக்கான வாய்ஸ் நோட்டைப் பேசினேன். கறி, பஸ் பாஸ், இன்றைய பால். கடைசியில், அந்தப் படத்தில் நன்றாக இருந்தது சத்தம்தான் என்றேன். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. அனுப்பிவிட்டேன்.

மதியம் பதில் வந்தது. "தேங்க்ஸ் ஆன்ட்டி. பின்னாடி ஏதோ ஓடற சத்தம் கேக்குது. கட் பண்ணிடவா?"

வேண்டாம் என்று எழுதினேன்.