மாரிசெல்வியின் அறைக்குள் போன புகை

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு, வல்லத்திலிருந்து அம்மா ராஜம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும்போதெல்லாம் என் வேண்டுதல். இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே கோபப்படுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா படம் பிடித்து அனுப்புவார்.

அன்றைக்கு நீ பேசியதையெல்லாம் நான் ஆசையாகத்தான் கேட்டேன். காலி பாட்டிலை மெஷினில் போட்டால் காசு திரும்ப வருவது, சத்தமே போடக் கூடாத ஞாயிற்றுக்கிழமையில் கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடப் போன உன்னைச் சத்தம் கேட்கிறது என்று எதிர் வீட்டு அம்மாள் திட்டியது, ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனபோது சாக்லேட் தாளைக்கூடப் பையிலேயே வைத்து அறைக்கு எடுத்து வந்தது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒன்று சொன்னாயே, உங்க ஊர் ஜனங்களுக்கு எப்பவும் புத்தி வராது என்று, அப்பா எழுந்து போனது அதனால்தான். சிக்னல் போய்விட்டது என்று நான் சொன்னது பொய்.

அதற்கு அடுத்த நாள்தான் இது நடந்தது. பதறாதே, யார் உயிருக்கும் ஆபத்தில்லை. நம் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கிற மாரிசெல்வியை உனக்குத் தெரியாது, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், செல்போன் கம்பெனியில் பாகங்களைப் பூட்டுகிற லைனில் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தாழ் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள், கூடத் தங்கியிருக்கிற மற்ற பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாமா வழக்கம்போல இந்தப் பெண்கள் சாப்பிடுகிற தன் மெஸ்ஸில் சேர்ந்த கப்பு, தட்டு, சாம்பார் கட்டிய கவர் எல்லாவற்றையும் பின்னால் காலி மனையில் கொட்டிக் கொளுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் குப்பையில் யார் போட்டார்களோ, பெயிண்டில் கலக்கிற தின்னர் டின் ஒன்று கிடந்திருக்கிறது. படாரென்று வெடித்துத் தீ வேலிமுள்ளில் பற்றிக்கொண்டது, கரும்புகை மொத்தமும் அவள் ஜன்னல் வழியாக உள்ளே போகிறது. நான் கதவை இடித்து மாரி மாரி என்று கத்துகிறேன், உள்ளே இருமல் கேட்டது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. அப்பா கடப்பாரையால் கதவைப் பெயர்த்து, வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அவளை இழுத்து வந்தார். மூக்கைச் சுற்றிக் கரி, உதடு நீலம். ஏகாம்பரம் மாமாதான் ஓடி வந்து தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தண்டலம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் வைத்தார்கள். ஒருநாள் போகட்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மறுநாள் கண் திறந்து என்னைப் பார்த்து, அத்தை, ஷிஃப்டுக்கு நேரமாச்சா என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சண்டை வந்துவிட்டது. பஞ்சாயத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார் அப்பா. உடனே மாமா, இன்னா கோதண்டம், அந்தக் குப்பையில உங்க வூட்டு கவரு ஒண்ணுகூட இல்லியா, குப்பை வண்டி மெயின் ரோட்டோட போய்க்கினு கீது, நம்ம தெருவுக்கு என்னிக்காவது வந்துதா, நான் எங்க கொண்டுபோய் கொட்டுவேன் என்று கத்தினார். எனக்கு உன் நினைப்புதான் வந்தது. அங்கே வாசலில் தொட்டி இருக்கிறது, சொன்ன நாளில் வண்டி வருகிறது, அதனால் எதிர் வீட்டு அம்மாளால் உன்னைத் திட்ட முடிகிறது. வண்டி வராத தெருவில் அவர்களைக் குடி வைத்தால் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் நீல உதட்டைப் பார்த்த பிறகு, வண்டி வரவில்லை என்ற நியாயத்தைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மாரிசெல்வியே கையெடுத்துக் கும்பிட்டாள். வேண்டாம் அத்தை, கேஸு கீஸுன்னு போனா எங்கய்யா என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ, வேலை போயிரும் என்றாள். அவளுக்காக வாயை மூடிக்கொண்டோம். அவள் அறைக்குத் திரும்பி வந்தாள், எப்படியோ விஷயம் தெரிந்து, கூட்டிப் போவதற்கென்று அவள் அப்பா கோமதிநாயகமும் வந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து ஏகாம்பரம் மாமா மறுபடியும் கொளுத்துகிறார்! இவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள். அண்ணாச்சி, நீங்கதான் என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனிய, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், ஆனா இன்னிக்கு நானே போய் எழுதிக் குடுக்கத்தான் போறேன் என்றாள். அவர், சோறு போட்டவன் மேலயே புகாரா என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, இருமிக்கொண்டே பஞ்சாயத்து ஆபீஸைப் பார்த்து நடந்தாள். கட்டிய பையை அப்படியே போட்டுவிட்டு அவள் அப்பாவும் கூட நடந்தார். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள், அப்புறம்தான் எனக்கும் உன் அப்பாவுக்கும் கால் வந்தது.

இப்போது வண்டி தெருவுக்குள் வருகிறது, சில நாள் வராமலும் போகிறது. வராத நாளில் மூட்டை கட்டி வைத்துக்கொள்கிறோம், நாற்றம்தான். பஞ்சாயத்திலிருந்து வந்து மாமாவை எச்சரித்துவிட்டுப் போனார்கள், அவர் கொளுத்துவதில்லை. மாரிசெல்வி வேலைக்குத் திரும்பிவிட்டாள், மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. அவள் லைனில் செய்கிற போனைத்தான் மாப்பிள்ளை வருஷா வருஷம் மாற்றுகிறார் என்று சொன்னேன், பழசு எங்க போகும் அத்தை என்று கேட்டாள். முடிந்தால் இந்த வருஷம் மாற்ற வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்.

மாமா வீட்டில் எங்களோடு பேச்சு இல்லை. என்னைக் கண்டால் அவர் சம்சாரம் ஜன்னலைச் சாத்துகிறாள், இத்தனை வருஷப் பழக்கம். அவர்கள் மகள் கார்குழலிக்கு அடுத்த மாசம் வளைகாப்பு, எங்களுக்கு அழைப்பு வராது. உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். நீ போன் பண்ணு, மறந்துவிடாதே. குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, ஜெர்மனியைப் பற்றியும் வேண்டாம். வாய்க்கு என்ன பிடிக்கிறது, இடுப்பு வலி இருக்கிறதா என்று மட்டும் கேள். அவள் எடுக்காவிட்டால் மறுபடியும் பண்ணு.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
கோ. ராஜம்மா